வாயை மூடி நீந்திய பிள்ளைகள்

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் சித்திரை மாதம் பிள்ளைகளுக்கு நீச்சல் பந்தயம் நடக்கும். இரண்டு கோடை அதை நடத்திக் கொடுத்தவன் நான். கயிறு கட்டுவது, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது, விசில் ஊதுவது, கரையை முதலில் தொட்டது யார் என்று சொல்வது, எல்லாம் என் வேலை. தோட்டக்காரர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து திரும்பியவர். எங்கோ பாலைவனத்து முகாமில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தொட்டி கட்டி நீந்திப் பந்தயம் வைத்ததைப் பார்த்துவிட்டு வந்து, நம் ஊர்ப் பையன்கள் அவர்களுக்கு இளைத்தவர்களா என்று தன் கிணற்றிலேயே ஆரம்பித்துவிட்டார்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ரயில் ரோட்டில் ஜல்லி கொட்டினேன். ஏற்காட்டில் காப்பி பறித்தேன். சேலத்தில் ஓர் ஓட்டலில் எச்சில் இலை எடுத்தேன். எங்கும் ஒரு வருஷம் தங்கியதில்லை. அப்போது ஒரு மிளகு வியாபாரிக்காகக் கொல்லிமலை ஏறி இறங்கி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். மலைக்கு ரோடு கிடையாது, ஒற்றையடித் தடம்தான். கோடையில் மிளகு வேலை குறைந்துவிடும். சுபேதார் சோறு போட்டுப் படுக்க இடமும் கொடுத்தார். விசிலையும் கொடுத்தார்.

அந்தக் கிணறு பாறையை உடைத்து எடுத்த சதுரக் கிணறு. ஒரு பக்கம் முழுக்க இறங்குவதற்குக் கல்படி. சித்திரையில் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விடும். மேலே நிற்கும் பாறைச் சுவர் நாலு பக்கமும் வெயிலைக் குடித்துக்கொண்டு சூளை மாதிரி அனல் விடும். பந்தயத்தைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும் என்பது முதல் வருஷத்திலேயே எனக்குத் தெரிந்துபோனது.

இரண்டாம் வருஷம் சுபேதாருக்கு ஒரு யோசனை வந்தது. மலையில் ஆற்று மடுவில் பிள்ளைகள் மீன் மாதிரி போவதை நான் சும்மா இருக்காமல் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"அப்பறம் என்னப்பா? அவங்களையும் எறக்கு. நம்ம பசங்களுக்கும் ஒரு போட்டி வேணுமில்ல? வந்த புள்ளைக்கெல்லாம் ஆளுக்கொரு துணி, செயிச்சாலும் தோத்தாலும்."

யுத்த காலம் அது. துணி கிடைக்காமல் ஜனங்கள் கோணிப்பையைச் சுற்றிக்கொண்டு திரிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மலையில் இன்னும் மோசம். ஒரு சேலையை இரண்டாகக் கிழித்துத் தாயும் மகளும் உடுத்துவார்கள். எனவே, துணி என்றதும் ஆள் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஏறினேன்.

மலைமேல் குண்டூர் நாட்டில் நான் மூட்டை எடுக்கிற ஊர் ஒன்று இருந்தது. அந்த ஊரில் ஒரு கட்டு உண்டு. கீழ்நாட்டுத் தண்ணீரைக் குடித்தவர்கள் ஊருக்குள் வரக் கூடாது. ஒரு காலத்தில் கீழே சந்தைக்குப் போய்த் தண்ணீர் குடித்துத் திரும்பியவர்களால் பேதி வந்து, வீட்டுக்கு ஒருவர் இருவராகப் போய்ச் சேர்ந்தார்களாம். அன்றிலிருந்து சந்தைக்கு இறங்குகிறவர்கள் மலைத் தண்ணீரைச் சுரைக்குடுக்கையில் நிரப்பித் தோளில் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். அது தீர்ந்தால் வறண்ட நாக்கோடு ஏறுவார்கள். தவறிக் குடித்துவிட்டால் அவர் மட்டுமல்ல, அவர் வீட்டாரும் சாமை அறுப்பு முடியும்வரை எல்லைக்கு வெளியே குடிசை போட்டுக் கிடக்க வேண்டும். ஊர்ச் சுனையில் தண்ணீர் எடுக்கக் கூடாது. அவர்கள் காட்டை உழ யாரும் மாடு கொண்டு வரமாட்டார்கள். என்னைப் போன்ற ஆட்களை எல்லைக்கு வெளியே உள்ள மூட்டைக் கொட்டகையோடு நிறுத்திவிடுவார்கள். பேச்சு, வியாபாரம் எல்லாம் அங்கேயே. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. நான் பல ஊர்களின் எல்லைகளில் படுத்தவன்.

ஆறு பிள்ளைகள் வருவதாக முடிவானது. அதில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம், அவளுக்குப் பத்து. மடுவில் அவளைப் பிடிக்க யாராலும் முடியாது. தகப்பன் இல்லை. தாய் கொட்டகை வரைக்கும் வந்து இரண்டு குடுக்கைகளையும் என் கண் முன்னாலேயே பிள்ளைகள் தோளில் கட்டினாள்.

"ஏனுங்க, ஒரு சொட்டு எறங்கப்படாது. இவங்கப்பன் உசுரோட இருந்தப்ப ஒருக்கா கீழ குடிச்சுப்போட்டு வந்துட்டாரு. அந்த வருசம் காடு சும்மா கெடந்துச்சு. கெழங்கு தோண்டித் தின்னு பொழச்சோம். அப்ப தோண்ட அவரு கை இருந்துச்சு. இப்ப இல்லீங்க."

"பயப்படாதீங்கக்கா. கூட நான் இருக்கறனில்ல?"

"நீங்க இருக்கறதுனாலதான் சொல்றேன். குட்டையக் கண்டாக் குட்டையில குடிக்கற ஆளு நீங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சரி என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் இன்னொரு முறை சரி என்று சொன்ன பிறகுதான் திரும்பினாள்.

பந்தயத்தன்று விடியும்போதே தோட்டத்தில் கூட்டம். பந்தல் போட்டு, பானை பானையாக நீர்மோரும் பானகமும் வைத்திருந்தார்கள். முந்தின நாளே மலையிறங்கி அடிவாரத்தில் படுத்தெழுந்து வந்த மலைப்பிள்ளைகள் தங்கள் குடுக்கைகளைப் புளியமரத்து நிழலில் ஒன்றாகச் சாய்த்து வைத்துவிட்டு வந்து நின்றார்கள். வந்ததும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். மீதி மலையேறுவதற்கு என்று அண்ணன்காரன் சொன்னான்.

காலையில் ஆரம்பித்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. அவர் வராமல் விசில் ஊதக் கூடாது என்றார் சுபேதார். வெயில் ஏறியது. புளியமர நிழல் சுருங்கி வேர்க்காலுக்கு வந்துவிட்டது. அதிகாரி வண்டி எந்த நேரமும் வரும், வந்தால் பிள்ளைகள் வரிசையாக நிற்கவேண்டும் என்பதால் கிணற்று மேட்டுக் கல்லிலேயே அவர்களை நிறுத்தி வைத்தேன். நிறுத்தியது நான்தான். கலைந்த பிள்ளையைப் பிடித்துத் திரும்ப நிறுத்தியதும் நான்தான்.

கீழூர்ப் பையன்களுக்கு அந்தக் கல் பழக்கம். மலைப்பிள்ளைகள் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"டேய், மலையில கூத்துக் கட்டுவாங்களாட்ட இருக்குதுடா. ஆடறாங்க பாரு."

"வாடா இங்க, உனக்கும் தாளம் சொல்லித் தாரேன்" என்றான் அண்ணன்காரன்.

"மொதல்ல நீந்திக் காட்டுடா கண்ணு. அப்பறம் ஆடலாம்."

வெயில் பாதி வானம் ஏறியபின் சுபேதாருக்கே பொறுக்கவில்லை. பெரிய பையன்கள் பந்தயத்தை ஆரம்பிக்கச் சொன்னார். அப்போதுதான் மலைப்பிள்ளைகள் நீந்துகிற மாதிரியைக் கவனித்தேன். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, உதட்டை இறுக மூடிக்கொண்டு, மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு போனார்கள். வாய்க்குள் எதையோ அடக்கி எடுத்துப்போகிற மாதிரி இருந்தது. மடுவில் இவர்கள் இப்படி நீந்தியதில்லை. மடுவில் கத்திக்கொண்டும் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டும்தான் போவார்கள்.

"ஏன்டா, வாயில கொழுக்கட்டையா?" என்று மேட்டிலிருந்து ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

சுபேதார் என்னைப் பார்த்தார். "வாயத் தொறந்து மூச்சு எடுக்கச் சொல்லுப்பா. மூச்சில்லாம என்னத்த நீச்சல்?"

நானும் படியில் இறங்கிப்போய், வாயைத் திறந்து நீந்து என்று சத்தம் போட்டேன். அண்ணன்காரன் இரண்டாவதாக வந்து படியில் ஏறி, துப்பினான். மறுபடி துப்பினான். துண்டால் உதட்டைத் துடைத்தான். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த கட்டு எனக்கும் தெரியும் என்று நினைத்திருப்பான். எனக்குத் தெரியும்தான். தெரிந்த விஷயம் அந்த நேரத்தில் மண்டையில் வந்து நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அதிகாரி உச்சி வெயிலில் வந்தார். கூட அவர் பிள்ளையும் இன்னும் சில சின்னக் குழந்தைகளும். நீந்தத் தெரியாத குழந்தைகளுக்கு முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணீரில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். குடுக்கை மிதக்கும், குழந்தையும் மிதக்கும். அதிகாரி பிள்ளையையும் சேர்த்து அப்படி ஒரு பந்தயம் விட்டால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று சுபேதாருக்குத் தோன்றிவிட்டது. போன வருஷத்துக் குடுக்கைகளைத் தோட்டத்துக் கொட்டகையில் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எலி ஓட்டை போட்டிருந்தது.

"எங்கிருந்தாவது கொண்டாப்பா. ஜல்தி, ஜல்தி! அவரு ஒக்காந்துட்டாரு."

புளியமரத்தடியில் ஆறு குடுக்கைகள் சாய்ந்திருந்தன. நல்ல முற்றிய குடுக்கைகள். நான் யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக அடைப்பைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தேன். தண்ணீர் கொடகொடவென்று இறங்கியது. மண் அதை உடனே குடித்துவிட்டது. ஈரத்தின் தடம்கூட நான் ஆறாவது குடுக்கைக்கு வருவதற்குள் வெளிறிப் போனது.

அந்தச் சிறுமி எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"ஏனுங்க..." என்றாள்.

"அப்பறம், கண்ணு, அப்பறம். உன் பந்தயந்தான் அடுத்தது. போ, போயி நில்லு."

அவள் போய் நின்றாள். அந்த வயதில் அவ்வளவுதான் செய்ய முடியும். விசில் என் கழுத்தில் இருந்தது.

சிறுமிகள் பந்தயத்துக்கு விசில் ஊதினேன். படியிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போய்த் தொட்டுத் திரும்பவேண்டும். ஊதிவிட்டு நான் அவர்களைப் பார்க்கவில்லை. அடுத்ததாக இறங்கவேண்டிய குழந்தைகளுக்குப் படியின் அடுத்த ஓரத்தில் குடுக்கை கட்டத் தொடங்கிவிட்டேன். ஒரு குழந்தை கயிறு உறுத்துகிறது என்று அழுதது. அவசரம் பிடித்த இரண்டு மூன்று குழந்தைகள் குடுக்கையோடு முன்னாலேயே தண்ணீரில் இறங்கிவிட்டன. அவர்களை அதட்டிக்கொண்டிருந்தேன். மேட்டில் ஆரவாரம் கேட்டது. பிறகு அது வேறு மாதிரிக் கேட்டது.

அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் சரிந்தாள். தண்ணீருக்குள் போகாமல் அண்ணன்காரன் அவள் தலைமுடியைப் பிடித்திருந்தான்.

தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். நனைந்த உடம்பு, ஆனால் தொட்டால் அடுப்புக் கல் மாதிரி சுட்டது. பந்தல் நிழலில் கிடத்துவதற்குள் முடி உலர ஆரம்பித்துவிட்டது. உதடு வெடித்திருந்தது. அது வாயை மூடி மூடி வெடித்த உதடு என்று எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது.

"எங்க தண்ணி, எங்க தண்ணி" என்று அண்ணன்காரன் புளியமரத்துக்கு ஓடினான். அங்கே அடைப்புகள் மட்டும் கிடந்தன. கிணற்று மேட்டுக்கு ஓடி எட்டிப் பார்த்தான். கீழே குழந்தைகளின் முதுகில் மலைப்பிள்ளைகளின் குடுக்கைகள் மிதந்துகொண்டிருந்தன. அதிகாரி பிள்ளை கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அண்ணன்காரன் திரும்பி வந்து என்னைப் பார்த்தான். திட்டவில்லை.

நான் பந்தல் பானையில் ஒரு செம்பு மொண்டேன். வெறும் தண்ணீர். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாமுங்க. குடுத்துறாதீங்க. எங்கம்மா..."

"கையை விடு சாமி. செத்துப்போயிருவா."

"மேல நனைச்சு உடுங்க. நனைச்சா எந்திரிச்சுக்குவா. வாயில வேணாமுங்க."

நனைத்தேன். ஈரத் துணியால் மூடினேன். சுபேதாரே வந்து விசிறினார். அவள் கண்ணைத் திறந்தாள். செம்பைப் பார்த்தாள். உதட்டை உள்ளே இழுத்து மூடினாள். நான் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து ஊற்றினேன். முதல் வாய் வழிந்துபோனது. இரண்டாவது வாய் இறங்கியது. அதற்குப் பிறகு நான் அழுத்த வேண்டியிருக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் செம்பைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை குடித்தாள். இன்னும் கேட்டாள். மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் நாக்கு வறண்டுதான் இருந்திருக்கும். ஒருவரும் பானைப் பக்கம் போகவில்லை.

"ஏம்ப்பா, இத்தனை தண்ணிக்குள்ள கெடந்தவளுக்கு எப்படிப்பா தவிக்கும்?" என்றார் சுபேதார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். குடுக்கையைக் கவிழ்க்கும்போது எனக்குள்ளும் அந்த எண்ணம்தான் எங்கோ இருந்திருக்கவேண்டும்.

ஆளுக்கொரு துணி கொடுத்தார். நல்ல முரட்டுத் துணி. அவளுக்கு உள்ளதையும் நான் வாங்கிக்கொண்டேன். வெயில் தாழ்ந்ததும் மலையடிவாரம் வரை மாட்டு வண்டியில் வந்தோம். அங்கிருந்து அவளை நான் முதுகில் சுமந்தேன். குடுக்கைகள் காலியாக அவர்கள் தோளில் ஆடின. சின்னப் பையன் ஒருவன் நடந்துகொண்டே கூழாங்கல்லை வாயில் போட்டுச் சப்பினான்.

பொழுது விழும் நேரத்தில் முதல் சுனை வந்தது. ஐந்து பேரும் மண்டியிட்டு முகத்தை விட்டுக் குடித்தார்கள். அவளை இறக்கிவிட்டேன். அவள் சுனைக்குப் போகவில்லை. தள்ளி ஒரு பாறையில் நின்றுகொண்டாள்.

"போ கண்ணு, குடி. இது மலைத் தண்ணிதான்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நான் தொடப்படாதுங்க" என்றாள்.

அண்ணன்காரன் ஒரு தேக்கிலையை மடித்து நீர் மொண்டு வந்தான். அவள் குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்தாள். அவன் உயரத்திலிருந்து, இலை அவள் கையில் படாமல் ஊற்றினான். யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லவில்லை. காலையில் ஒரே போர்வைக்குள் தூங்கி எழுந்த பிள்ளைகள்.

பாறைக் குகையில் தங்கி, மறுநாள் காலையில் ஊர் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்துவிட்டதால், ஒன்றும் சொல்லாமலே தாய்க்குத் தெரிந்துவிட்டது. தாய் வந்து கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அழவில்லை. மகளின் உதட்டைப் பார்த்தாள்.

ஊர்க்கவுண்டரும் நாலைந்து பேரும் வந்தார்கள். கவுண்டர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தண்ணி எறங்குச்சா தம்பி?"

பொய் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. பிழைப்புக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். "மயக்கத்துல ஊத்துனதுங்க. எல்லாம் வழிஞ்சுபோச்சு. எறங்கலைங்க."

கவுண்டர் தலையாட்டினார். நம்ப விரும்பினார் என்றுதான் எனக்குத் தோன்றியது. சுற்றி நின்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாய் ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தாள்.

"எறங்குச்சு அப்பாரு" என்றாள் சிறுமி கவுண்டரிடம். "அப்பறம் நானே புடிச்சுக் குடிச்சேன்."

"எவ்வளவு சாமி?"

"வகுறு நெறைய."

யாரோ தெரியாமல் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். தாய் வைத்த காலைப் பின்னால் எடுக்கவில்லை. அப்படியே கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதோடு முடிந்துவிட்டது. அண்ணன்காரனும் வந்து உட்கார்ந்தான். ஒரு சொட்டுக்கூட இறங்காமல் வாயை மூடி மூடி நீந்தியவன் அவன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "குடுக்கையக் கொட்டுனது நானுங்க. புள்ளை மேல தப்பில்லீங்க. நான் கொட்டாம இருந்திருந்தா அவ குடிச்சிருக்க மாட்டா" என்றேன்.

"தப்புன்னு யாரு சொன்னா? புள்ளை மேல யாருக்கும் கோவமில்லை. உங்க மேலயும் இல்லை. உசுரக் காப்பாத்திக் கொண்டாந்திருக்கறீங்க, நல்லதுதான். குடுக்கை போனாக் குடுக்கை. தண்ணி எறங்குச்சா இல்லையாங்கறதுதான் எங்களுக்குக் கேள்வி" என்றார் கவுண்டர்.

"அப்ப என்னைத் தள்ளி வைங்க. அவங்களை விட்டுருங்க."

கவுண்டர் மெதுவாகத்தான் கேட்டார். கேலியாகச் சொல்லவில்லை.

"நீங்க எப்பத் தம்பி உள்ள இருந்தீங்க, வெளிய தள்ளறதுக்கு?"

தண்ணீர் கொடுத்ததற்கு என்னை மெச்சிவிட்டார்கள். தண்ணீரைக் கொட்டியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு அடி அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு இறங்கி, வேறு ஊர் பார்த்திருப்பேன். என் வழக்கம் அது.

இறங்கவில்லை. கீழே சுபேதாரிடம் விசில் போகட்டும் என்று மூட்டைக்கு வந்த ஆளிடம் கொடுத்தனுப்பினேன். எல்லைக்கு வெளியே அவர்களுக்குக் குடிசை கட்ட மூங்கில் வெட்டினேன். ஊர்ச் சுனை இல்லை என்றால் சரிவில் வெகுதூரம் இறங்கி ஓர் ஓடைக் கசிவில்தான் தண்ணீர் எடுக்கவேண்டும். காலையும் மாலையும் நான் எடுத்து வந்தேன். முதல் நாள் குடத்தை வாசலில் இறக்கி வைத்தபோது, தாய் வாங்குவாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"வாங்கறதுக்கு என்ன இருக்குது? இப்ப நாங்களும் உங்களாட்டந்தான்" என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

பரிசுத் துணியைச் சிறுமியிடம் கொடுத்தேன். அவள் அதை உடுத்தவில்லை. நான் மூட்டை வேலைக்குப் போன நாட்களில் அவளே தண்ணீருக்கு இறங்குவாள். அந்தத் துணியைச் சுருட்டிச் சும்மாடாக வைத்துக் குடத்தைத் தூக்கி வருவாள்.

மழை இறங்கியதும் ஊரெல்லாம் உழுதது. இவர்கள் காட்டுக்கு மாடு வரவில்லை. நாங்கள் நாலு பேரும் களைக்கொத்தை எடுத்து மண்ணைக் கொத்தினோம். நான் கொத்திப் பழகாதவன். கை கொப்பளித்து, உடைந்து, காய்த்தது. முழுக் காடும் முடியவில்லை. பாதிக்கும் குறைவாகச் சாமை போட்டோம். சாமை முளைத்ததும் பன்றி வந்தது. அண்ணன்காரன் பரண் கட்டிக் காத்தான். பள்ளத்துக் காட்டில் கிழங்கும் தோண்டினோம். அந்த வருஷம் அவர்கள் பட்டினியால் சாகவில்லை, அதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை. சாயங்காலங்களில் ஊர்ப்பிள்ளைகள் மடுவுக்குப் போகிற சத்தம் கேட்கும். அவள் கொத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். மடுவும் எல்லைக்குள் இருந்தது.

நான் இருந்ததால் பாவம் தீர்ந்தது என்று நினைக்கவில்லை. அவள் கண்ணில் படாத தூரத்துக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. வேறு காரணம் இருந்ததாக நினைவில்லை.

சாமை அறுப்பு முடிந்தது. மறுநாள் அவர்களை ஊருக்குள் சேர்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். வெளியே புழங்கியது எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. குடம், பாய், சட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஓடையில் முழுகி, ஊரார் கொண்டுவரும் வேறு துணியைக் கட்டிக்கொண்டு போகவேண்டும். அன்று மாலை கடைசிக் குடத்தை இறக்கி வைத்தேன். அவள் மொண்டு குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏனுங்க, அன்னைக்கு நாந்தானுங்க மொதல்ல வந்தேன்?"

இத்தனை மாதத்தில் அவள் அந்த நாளைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் முறை.

கரையைத் தொட்டது யார் என்று சொல்வது என் வேலை. அன்று படிக்கட்டின் மறு ஓரத்தில் குனிந்து, அவர்கள் குடுக்கையை யாரோ ஒரு குழந்தையின் முதுகில் கட்டிக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கல்லருகே சொன்ன பொய்யை அவள் நிற்கவிடாதது நினைவுக்கு வந்தது.

"நான் பாக்கலை, கண்ணு" என்றேன்.

அவள் செம்பைக் குடத்தின் மேல் கவிழ்த்தாள்.

"தொட்டேனுங்க. தொட்டுட்டுத்தான் ஒக்காந்தேன்."

மறுநாள் காலையில் அவர்கள் ஓடையில் முழுகி எழுந்து கல்லைத் தாண்டிப் போனார்கள். தாய் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். சிறுமி பார்க்கவில்லை, ஊர்ப்பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு மடுவுக்கு இழுத்துப்போய்க்கொண்டிருந்தார்கள். ஊர் வழக்கப்படி குடங்களை நான் உடைத்தேன். குடிசைக்கு வெளியே ஒரு பலா மரத்தின் தாழ்ந்த கிளையில் அந்தப் பரிசுத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. சும்மாடு வைத்து வைத்து நடுவில் வட்டமாக நைந்திருந்தது. மற்றபடி புதுத் துணிதான். எனக்கும் அப்போது மாற்றுத் துணி கிடையாது. இருந்தும் அதை எடுக்கவில்லை. அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன்.